மூன்று மணி விழிப்பும் ஆறாண்டு மாத்திரையும்

வாசகர் கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 74. ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறியதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. அப்போது பார்த்த மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை இரவில் போடச் சொன்னார். அதன் பிறகு அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பழைய சீட்டைக் காட்டியே தெருமுனைக் கடையில் வாங்கி வருகிறோம். அம்மா எட்டரை மணிக்கு மாத்திரையைப் போட்டு ஒன்பதுக்குப் படுப்பார். மூன்று மணிக்கு விழித்துவிட்டு, அதற்கு மேல் தூக்கமே இல்லை என்று புலம்புவார். மதியம் சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வார். சென்ற மாதம் மூன்று மணிக்கு எழுந்து கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும்போது நிலைப்படியில் தடுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் மந்தமாக இருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். துபாயில் இருக்கும் தம்பி, "நாளையோடு அந்த மாத்திரையை நிறுத்து" என்கிறான். அம்மாவோ, "அதை எடுத்துட்டா எனக்கு ராத்திரியே விடியாது" என்கிறார். எதிர்வீட்டு அக்கா, அவில் போட்டாலே தூக்கம் வரும், அது அரிப்பு மாத்திரைதானே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பக்கவிளைவு இல்லாத வேறு தூக்க மாத்திரை உண்டா? அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எழுதி இணைத்திருக்கிறேன்.

— ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். தம்பி சொல்வதுபோல் நாளையே நிறுத்துவது ஆபத்து. அம்மா சொல்வதுபோல் காலம் முழுவதும் தொடர்வதும் ஆபத்து. அவில் இரண்டையும்விட நல்ல வழி அல்ல. இந்த மாத்திரையை மூன்று நான்கு மாதங்களில், படிப்படியாக, அம்மாவின் சம்மதத்தோடு குறைத்து நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் குறைக்கத் தொடங்குமுன் இந்த வாரமே சரிசெய்ய வேண்டியவை சில உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. பட்டியலை அவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலோர் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்து, "இதுல பாதி பழசு சார்" என்பார்கள்.

பட்டியலின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியதுபோல், "இடுப்பில் படர்தாமரைக்கு இட்ராகொனசோல் 100 மி.கி., காலை இரவு, ஒரு மாதத்துக்கு" என்று குறித்திருக்கிறீர்கள். அதைத் தொடங்கிய தேதியையும் போட்டிருக்கிறீர்கள். அம்மா விழுந்தது அதற்குப் பத்தாவது நாள். இது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். அல்பிரசோலத்தைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. இட்ராகொனசோல் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடும். அதனால் அதே 0.5 மி.கி. மாத்திரை உடலில் இரண்டு மடங்குக்கும் மேலான அளவு போட்டதுபோல் வேலை செய்யும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் விவரத்தாளிலேயே இருக்கிறது. தோல் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா தினமும் ஒரு தூக்க மாத்திரை போடுகிறார் என்று அவரிடம் யாராவது சொன்னீர்களா என்பதுதான் என் கேள்வி. ஆறு ஆண்டு பழகிய மாத்திரை வீட்டில் யாருக்கும் மருந்தாகவே தோன்றுவதில்லை. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளாகிவிடுகிறது. அம்மா காலையில் போடும் அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையும் இதே நொதியை நம்பியிருக்கும் மருந்துதான். ஆகவே இரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கியிருக்கவும் கூடும்.

பட்டியலில் இன்னொன்று: எலும்பு மருத்துவர் கை வலிக்கு எழுதிய மாத்திரையில் பாரசிட்டமாலோடு டிராமடால் கலந்திருக்கிறது. டிராமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபினிபோல் வேலை செய்யும் மருந்து. அந்த வகை வலி மருந்துகளையும் அல்பிரசோலம் வகை மருந்துகளையும் சேர்த்துப் போட்டால் மயக்கம் ஆழமாகி மூச்சே மந்தப்படலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இரண்டு வகை மருந்துகளின் மீதும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் செய்தது. இந்த வாரமே இரண்டு மருத்துவர்களிடமும் முழுப் பட்டியலைக் காட்டுங்கள். படர்தாமரைக்கு இந்த மோதல் இல்லாத மாற்று மருந்து உண்டு. மணிக்கட்டு வலிக்கு இந்தக் கட்டத்தில் பாரசிட்டமால் மட்டுமே பெரும்பாலும் போதும். கூடவே இரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பேச்சில் "உப்பு குறைஞ்சிருச்சு" என்பது இதைத்தான். அம்மா இரவில் போடும் பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் பெருக்கியும் இருக்கிறது. முதியோருக்கு அது சோடியத்தை இறக்கிவிடக்கூடும், டிராமடாலும் அதற்குத் துணைபோகக்கூடும். சோடியம் குறைந்தாலும் மந்தம், மறதி, தள்ளாட்டம் எல்லாம் வரும். பால் பொங்கி வழிந்ததற்குத் தூக்க மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நியாயம்.

இனி மாத்திரைக்கு வருவோம். ஆறு ஆண்டுகளாக ஒன்றும் செய்யாதது இப்போது மட்டும் எப்படிச் செய்யும் என்று அம்மா கேட்பார், நியாயமான கேள்விதான். மாத்திரை மாறவில்லை, உடல் மாறியிருக்கிறது. வயதாக ஆக மருந்தைச் சிதைக்கும் வேகம் குறைகிறது. அதே அளவு மருந்துக்கு மூளை முன்னைவிட அதிகமாக மசிகிறது. அல்பிரசோலம் ஆரோக்கியமான நடுவயதினரின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரமும், ஆரோக்கியமான முதியவரின் இரத்தத்தில் ஏறக்குறைய 16 மணி நேரமும் ஆகும். இதை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரை மணிக்குப் போட்ட மாத்திரையில், இரவு மூன்று மணிக்கு முக்கால் பங்கு இன்னும் உடலில் இருக்கும். அதற்கு முந்தைய இரவு போட்டதிலும் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம் இருக்கும். ஆக, அம்மா எழுந்து நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கும் அந்த நேரத்தில், அவர் உடலில் ஏறக்குறைய ஒரு முழு மாத்திரையளவு மருந்து இருக்கிறது. இட்ராகொனசோல் சேராத நாளிலேயே கணக்கு இது. இந்த வகை மருந்து தூக்கத்தை மட்டும் தருவதில்லை. தசையைத் தளர்த்தும், கால் இடறியதும் சட்டென்று சமநிலையை மீட்டெடுக்கும் அனிச்சையைத் தாமதப்படுத்தும், புதிதாக நடப்பதை நினைவில் பதியவிடாது. "பாலை எப்போ வெச்சேன்னே தெரியல" என்று அம்மா சொல்வது பொய்யில்லை. அந்த நினைவு பதிவாகாமலே போயிருக்கலாம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் தூக்கம் எவ்வளவு? அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தூக்க மருந்துகள் தந்து நடத்திய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மருந்து போட்டவர்கள், மருந்தில்லாப் போலி மாத்திரை போட்டவர்களைவிட இரவில் கூடுதலாகத் தூங்கிய நேரம் சராசரியாக 25 நிமிடம். நன்மை அடைந்தவர்களைவிடப் பாதிப்புக்கு ஆளானவர்களே அதிகம் என்பதும் அந்தத் தொகுப்பின் முடிவு. நான் இதைச் சொல்லும்போது என் நோயாளிகள் நம்புவதே இல்லை. மாத்திரை போடாத இரவில் முழுக்க விழித்திருந்தது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த விழிப்பு பெரும்பாலும் பழைய தூக்கமின்மை அல்ல. பழகிய மருந்து கிடைக்காத மூளையின் எதிர்வினை. மாத்திரை தந்த நோயை மாத்திரையே தீர்ப்பதாக ஒரு தோற்றம்; அவ்வளவுதான்.

முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அல்பிரசோலம், டையசிபாம், லோரசிபாம், குளோனசிபாம் அடங்கிய பென்சோடையசிபைன் குடும்பம் முழுவதும் அதில் இருக்கிறது. விழுதல், எலும்பு முறிவு, குழப்பநிலை, வாகன விபத்து ஆகியவை காரணம். இந்த மாத்திரைகளால் டிமென்ஷியா என்ற மறதிநோய் வருமா என்று பலர் கேட்கிறார்கள். சில ஆய்வுகள் தொடர்பு இருப்பதாகவும் சில இல்லை என்றும் சொல்கின்றன. டிமென்ஷியாவின் தொடக்கத்திலேயே தூக்கம் கெடுவதால் எது முன், எது பின் என்று பிரிப்பது கடினம். அந்தப் பயத்தை அம்மாவிடம் கிளப்ப வேண்டாம். மணிக்கட்டில் இருக்கும் மாவுக்கட்டே போதுமான காரணம்.

"பக்கவிளைவு இல்லாத வேறு தூக்க மாத்திரை உண்டா?" என்ற கேள்விக்கு நேரான பதில், அம்மாவின் வயதில் இல்லை என்பதே. அவில் ஒவ்வாமைக்கான மாத்திரை; அதில் வரும் உறக்கம் அதன் பக்கவிளைவு. வாய் உலரும், மலம் இறுகும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மூளையில் குழப்பம் உண்டாகும். பியர்ஸ் பட்டியலில் இந்த வகைப் பழைய ஒவ்வாமை மருந்துகளும் இருக்கின்றன. எதிர்வீட்டு அக்காவின் அன்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சோல்பிடம் என்ற மாத்திரையைப் "பழக்கப்படுத்தாதது" என்று சொல்லித் தருவார்கள். அதுவும் பழகும். காலையிலும் மயக்கம் தங்குவதால் பெண்களுக்கு அதன் தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கும்படி அமெரிக்காவில் 2013இல் உத்தரவு வந்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவை நேர்ந்ததால் 2019இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் சேர்ந்தது. உடலே இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாகத் தருவது இவற்றைவிட ஆபத்துக் குறைந்தது, பலனும் சிறியது. குறைக்கும் காலத்தில் துணையாக வேண்டுமானால் மருத்துவர் தரலாம், ஆனால் அது மாத்திரைப் பழக்கத்தின் பெயரை மட்டும் மாற்றும் வேலையாகிவிடக் கூடாது. பாலில் ஜாதிக்காய் கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு சிட்டிகையால் கெடுதல் இல்லை. தேக்கரண்டிக் கணக்கில் போனால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. அவருடைய பதற்றம் புரிகிறது. தொலைவில் இருப்பவர்களுக்குத் தீர்வு எப்போதும் உடனடியாகத்தான் தோன்றும். ஆனால் ஆறு ஆண்டுகள் தினமும் அல்பிரசோலம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால், தூக்கமின்மையோடு நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு வரலாம். சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், வலிப்பும் வரலாம். டிராமடாலும் தன் பங்குக்கு வலிப்பைத் தூண்டும் மருந்து என்பதால், இந்த மாதம் திடீரென்று நிறுத்துவது இரட்டை ஆபத்து. முதியோருக்கு மாத்திரையைத் திடீரென்று விட்டதால் மனக்குழப்பம் ஏற்பட்டு, வேறு ஏதோ நோய் என்று மருத்துவமனையில் சேர்த்து, அங்கே யாருக்கும் வீட்டு மாத்திரை பற்றித் தெரியாமல் மூன்று நாள் திண்டாடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பியிடம் "நிறுத்துகிறோம், அவசரப்படாமல்" என்று சொல்லுங்கள்.

இப்போது அம்மாவின் மூன்று மணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான். ஒன்பது மணிக்குப் படுத்து மூன்றுக்கு விழித்தால் ஆறு மணி நேரம். மதியம் ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏழரை மணி நேரம். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதே ஏழு முதல் எட்டு மணி நேரம்தான். அம்மா தூங்கிவிட்டார், சகோதரி. தூங்கிய கணக்கு சீக்கிரமே தொடங்கி சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்பதே சிக்கல். வயதாகும்போது உடலின் கடிகாரம் முன்னே நகரும். ஆழ்ந்த தூக்கம் குறையும். சிறு சத்தத்துக்கும் விழிப்பு வரும். இது நோயல்ல. மாலையில் வீடு அடங்கிவிடுகிறது, பேசத் துணை இல்லை, தொடர் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பிறகு மூன்று மணிக்குக் கண் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் விடியலையே" என்று படுத்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் அம்மாவின் மனத்தில் முழு இரவாக நிற்கிறது.

எழுப்புவது எது என்றும் பார்க்க வேண்டும். எழுந்ததும் கழிப்பறைக்குத்தான் போகிறார். இரவில் போடும் பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பெருக்கி இருக்கிறது. அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாலையில் கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அம்லோடிபின் போடுகிறவர்களுக்கு அது சகஜம். பகலில் காலில் தேங்கிய நீர், இரவில் படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். மாலை நான்கு மணி முதல் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னாலே சிலருக்கு இரவில் ஒரு தடவை குறையும். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அம்மா பலத்த குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று ஒரு இரவு பக்கத்தில் படுத்துக் கவனியுங்கள். இருந்தால் அது வேறு நோய், அதை இந்த மாத்திரை இன்னும் மோசமாக்கும். மாலைக் காப்பி? நீங்கள் எழுதவில்லை, ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் ஐந்து மணிக் காப்பி இல்லாத வீட்டை நான் கண்டதில்லை. அதை மதியம் இரண்டு மணிக்கு முன்னே கொண்டுபோய்விடுங்கள்.

மாத்திரை இல்லாத சிகிச்சைக்குத்தான் உலகெங்கும் முதலிடம் தரப்படுகிறது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அதன் சாரத்தை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். எழும் நேரத்தை ஐந்து என்று உறுதிசெய்யுங்கள், எப்படித் தூங்கியிருந்தாலும் அதில் மாற்றம் வேண்டாம். படுக்கும் நேரத்தை ஒன்பதிலிருந்து வாரம் கால் மணி நேரமாகத் தள்ளிப் பத்துக்குக் கொண்டுவாருங்கள். மதிய உறக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்கு முன். காலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆயட்டும், பூக் கட்டட்டும். மாலையிலும் வெளிச்சத்தில் சற்று நடக்கட்டும். சுவர்க் கடிகாரத்தைப் படுக்கையிலிருந்து தெரியாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்ய ஒரு ஆணி போதும். விழித்து இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றினால், புரண்டுகொண்டிருக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, குறைந்த சத்தத்தில் சுப்ரபாதமோ பழைய பாட்டோ கேட்கட்டும்; கண் அசந்தால் படுக்கட்டும். இளையவர்களை எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வோம்; அம்மாவை அப்படிச் சொல்ல மாட்டேன்.

குறைப்பது எப்படி என்பதை அம்மாவை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போட்டுவரும் அளவில் கால் பங்கு குறைப்போம். 0.25 மி.கி. மாத்திரைகள் கிடைக்கின்றன. ஒன்றும் பாதியும் போட்டால் 0.375, பிறகு ஒன்று மட்டும், பிறகு அரை. கடைசிப் படியில் அவசரம் கூடாது. அரையிலிருந்து காலுக்குப் போய், அங்கே மூன்று நான்கு வாரம்கூட நிற்கலாம். மாத்திரையைக் கத்தியால் நறுக்கினால் நொறுங்கும். மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி விற்கிறது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் உடைக்கவே கூடாது. அட்டையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறையை நான் சொல்வதில்லை, விடும் இரவெல்லாம் தண்டனையாகிவிடும். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் சில இரவுகள் தூக்கம் மோசமாகும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் இரவே "பார்த்தியா" என்பார். நடுக்கமோ வியர்வையோ அதிகமானால் அந்தப் படியிலேயே நின்று மருத்துவரைக் கேளுங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இது நடக்கிற காரியமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பல ஆண்டுகளாக இந்த மாத்திரைகளைப் போட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். மாத்திரை என்ன செய்கிறது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று படத்தோடு விளக்கிய கையேடு, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவர்களில் 27 விழுக்காட்டினர் முழுமையாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு தரப்படாதவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. 2014இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, கையேடு மருத்துவரிடம் போகவில்லை, மாத்திரை போடுகிறவரின் கைக்கே போனது என்பதுதான். ஆகவே இந்தப் பதிலை நீங்கள் படித்துவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக்கி வைக்காதீர்கள். அப்படிச் செய்தவர்கள் உண்டு. கண்டுபிடித்த அன்றோடு நம்பிக்கையும் போய்விடும். அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற கணக்கை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

கூடவே ஒன்றைக் கேளுங்கள்: மூன்று மணிக்கு விழித்தால் என்ன நினைவு வருகிறது? அப்பா போன பிறகு தொடங்கிய மாத்திரை இது. துக்கத்துக்குத் துணையாகச் சில வாரங்களுக்கு எழுதியிருப்பார்கள். துக்கத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடியற்காலை விழிப்போடு பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு இருந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. பேசுவதற்கு மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பழைய சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அல்பிரசோலம், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது கடைக்கான விதி. மடிப்பில் கிழிந்துபோன ஆறாண்டுச் சீட்டுக்குக் கொடுத்திருக்கவே கூடாது. ஆனால் கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்? நானே பணியின் தொடக்கக் காலத்தில், மருத்துவமனையில் தூக்கம் வராத முதியவர்களுக்கு இதை எழுதி, வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலும் அப்படியே விட்டிருக்கிறேன். தொடங்கும் தேதியை எழுதும் நாங்கள் முடிக்கும் தேதியை எழுதுவதில்லை. அவர்களில் எத்தனை பேர் இன்னும் போடுகிறார்களோ என்ற நினைப்பு எனக்கும் சில இரவுகளில் வருவதுண்டு.

மணிக்கட்டு முறிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தால், அந்த எலும்பு தேய்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்த தடவை இடுப்பாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லுங்கள், தேய்மானத்துக்கு மருந்து உண்டு. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கொல்லைப்புறக் கழிப்பறைக்கு இரவில் போகும் வழக்கம் இன்றோடு முடியட்டும். கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலி கூச்சத்துக்குரியது அல்ல. நிலைப்படியின் விளிம்பில் வெள்ளை வர்ணப் பட்டை ஒன்று, வழியில் விடியும்வரை எரியும் சிறு விளக்கு ஒன்று. அம்மா பாயில் படுப்பவராக இருந்தால், மாவுக்கட்டுக் கையோடு தரையிலிருந்து எழுவதே அடுத்த விழுதலுக்கு வழி, கட்டிலுக்கு மாற்றுங்கள்.

உங்கள் ஊரில் முதியோர் மருத்துவர் இல்லையென்றால் பொது மருத்துவரே இதைச் செய்யலாம். சிக்கலாக இருந்தால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவும், கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கின்றன.

எப்போது தொடங்குவது? இட்ராகொனசோலை மாற்றியதும் அல்பிரசோலத்தின் அளவு இரத்தத்தில் தானாகவே இறங்கும். அதுவே ஒரு பெரிய குறைப்பு. ஆகவே அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் மாத்திரையைத் தொடாமல் அப்படியே விடுங்கள். டிராமடாலும் நிற்கட்டும், மாவுக்கட்டும் பிரியட்டும். பிறகு உங்கள் பள்ளி விடுமுறை தொடங்கும் நாளாகப் பார்த்து முதல் குறைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் நீங்கள் அம்மாவின் அறையிலேயே படுக்கலாம். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு விழிப்பு என்று தினசரி காலண்டர் தாளின் பின்புறம் அம்மாவையே எழுதச் சொல்லி, கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வலது கை முழுதாகத் தேறும்வரை அவர் சொல்ல நீங்கள் எழுதலாம்.